அவர் தலைக்குள் பழுப்பாகத் தெரிந்தது

என் வீட்டுக்காரருக்கு நான் சோற்றில் மருந்து வைத்துவிட்டேன் என்று எங்கள் ரப்பர் தோட்டத்தில் பேசினார்கள். அவர் உயிரோடு இருந்தபோதும் பேசினார்கள், போன பிறகும் பேசினார்கள். இந்த மருந்து காய்ச்சலுக்குக் கொடுப்பது இல்லை. புருஷன் தன் பின்னாலேயே சுற்ற வேண்டும் என்று பெண்டாட்டி யாருக்கும் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கிற சாமான். அளவு தப்பினால் புத்தி கலங்கிப்போகும் என்பார்கள். அந்தப் பேச்சு கிளம்பியதிலிருந்து என் கையால் ஒரு வாய் காப்பி வாங்கிக் குடிக்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. நான் அப்படிச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள் நான். டாக்டர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில்தான் எழுத முடியும்.

அவருக்கு அது எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எண்பதுகளின் நடுவில் இருக்கும். மந்தின் ஊரிலிருந்து உள்ளே போகிற ரப்பர் தோட்டத்தில் அவர் மண்டோர், பால்வெட்டுக்காரர்களை வேலை வாங்குகிறவர். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் பெயர் கூப்பிட்டால் அவர் குரல் கடைசி லயத்து வீடு வரைக்கும் கேட்கும். அந்த மனிதர் ஒரு நாள், செத்துப்போன ஒருவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த வாரமும் அதே பெயரைக் கூப்பிட்டார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச காலத்தில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் என் பின்னாலேயே வந்தார். நான் குழாயடிக்குப் போனால் குழாயடிக்கு, விறகு பொறுக்கப் போனால் அங்கே. முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு "எங்க போற, எங்க போற" என்று கேட்டுக்கொண்டே வருவார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என்னோடு சேர்ந்து நாலு அடி நடக்காத மனிதர். முன்னே அவர் போவார், பின்னே நான் போவேன். இப்போது ஊர் பார்க்க நான் முன்னே போனேன். கூச்சத்தில் எனக்கு நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

"என்னாக்கா, மண்டோரு இப்ப உங்களுக்கு மட்டும்தான் பெரட்டு எடுக்கிறாரா?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் வாளியைத் தட்டிச் சிரித்தார்கள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. அவள் இவருடைய ஒரே தங்கை. எங்கள் லயத்திலேயே அடுத்த வீடு. தோட்டத்து ஸ்டோரில், ரப்பர் சீட்டுப் போடுகிற இடத்தில் வேலை. அண்ணன் மேல் உயிர்.

"எங்கண்ணன் பொம்பள பின்னால போற ஆளே இல்ல," என்றாள், என்னைப் பார்க்காமல். "இதுல என்னமோ இருக்கு."

அவ்வளவுதான். வேறு யாரையும் அவள் தூண்டிவிட வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷம் ஆடியில் மாரியம்மன் கோயிலுக்கு எல்லா வீட்டிலிருந்தும் கூழ் போனது. என் பானை மட்டும் மூடிய துணி கலையாமல் திரும்பி வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவர், "ரொம்ப மிஞ்சிப்போச்சும்மா" என்றார். அவருக்கும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மம்பாவ் பக்கம் மருந்து எடுக்கிற ஒருவர் இருந்தார். நாத்தனார்தான் வேன் பிடித்து அழைத்துப் போனாள். என் வீட்டுக்காரரைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் துப்பினார் அந்த ஆள். கறுப்பாக, முடி சுற்றிய ஒரு கட்டி. எங்களுக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. "பார்த்தீங்களா, வயித்துல எத்தனை நாளா கெடந்ததுன்னு," என்று எல்லோருக்கும் காட்டினார். அதை முன்பே வாயில் அடக்கி வைத்திருந்தான் என்று என் மகள் பிறகு சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றி என்ன? வெற்றிலையில் ஒரு சாமான் இருந்தது. என்னிடம் ஒன்றும் இல்லை.

இவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. "வயித்துல உள்ளதை எடுத்தாச்சு, மூளைக்கு ஏறினதை எடுக்க முடியாதாம்" என்று நாத்தனார் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

என் மகள் சுங்கை காடுட்டில் பாக்டரி வேலை செய்துகொண்டு அங்கேயே அறை எடுத்து இருந்தாள். அவள்தான் சண்டை போட்டு இவரைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு டாக்டர், இளம் வயதுப் பெண், நம் தமிழ்ப் பிள்ளை. "ஐயா, இது என்ன மாசம்?" என்று இவரிடம் கேட்டாள். இவர் என்னைக் காட்டி, "அவளைக் கேளுங்க, அவதான் மாசத்தையெல்லாம் வச்சிருக்கா" என்றார். டாக்டர் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதையெல்லாமோ நான் வைத்திருப்பதாகத்தான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

மூளைக்குள் ஒரு புரோட்டீன் சேர்ந்து சேர்ந்து கட்டியாகிறது, அதனால் ஞாபகம் போகிறது, இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாள்.

"புரோட்டீன்னா முட்டையில, பருப்புல இருக்குமே, அதுவாம்மா?"

"அந்த மாதிரி ஒண்ணுதான்மா. ஆனா சாப்பாட்டுலேர்ந்து வர்றது இல்ல. மூளையே உண்டாக்குறது. போக வேண்டியது போகாம அங்கேயே தங்கிடுது."

சாப்பாட்டிலிருந்து வருவது இல்லை. அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "இதை உறுதியா எல்லாருக்கும் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். உயிரோடு இருக்கும்போது காட்ட முடியாது என்றாள். போன பிறகு மூளையைக் கொடுத்தால், பார்க்க வழி இருக்கிறதாம்.

அந்த வழியை மகள் எனக்கு இரண்டு தடவை சொல்லிப் புரியவைத்தாள். அந்தப் புரோட்டீனை முயலுக்கு ஊசியாகப் போடுவார்கள். முயலின் உடம்பு, இது நமக்கு வேண்டாத சாமான் என்று, அதைப் பிடிப்பதற்கென்றே ஒன்றை உண்டாக்கும். ஆண்டிபாடி என்று பெயர். அதை முயலின் ரத்தத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். மூளையை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் இந்த ஆண்டிபாடியை விடுவார்கள். அது வேறு எதையும் தொடாது. தேடிப்போய் அந்தப் புரோட்டீன் மேல் மட்டும் உட்காரும். பிறகு நிறம் ஏற்றினால், அது உட்கார்ந்த இடம் மட்டும் பழுப்பாகவும், மற்றதெல்லாம் நீலமாகவும் தெரியும்.

"லாலான் புல்லுக் காட்டுல நடந்தா ஒட்டுப்புல்லு சேலையில மட்டும் ஒட்டிக்கும், காலுல ஒட்டாது, அது மாதிரியா?" என்றேன். மகள் டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். "அம்மா சொன்னது சரிதான்" என்றாளாம்.

அவர் சிரம்பான் ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். கடைசியில் என் பெயரும் அவருக்குத் தெரியவில்லை. முந்தானை மட்டும் தெரிந்தது. மகள் கோலாலம்பூருக்குப் போன் பண்ணினாள். காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மூளையை எடுத்துக்கொண்டு, தலையைத் தைத்து, வெள்ளைத் துணி கட்டி அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள்.

சுடுகாட்டுக்கு எடுப்பதற்கு முன்னால் குளிப்பாட்டி, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைக்கிற முறை இருக்கிறதே, அதை நான் யோசிக்கவில்லை. நாத்தனார்தான் முதலில் வந்தாள். துணியை விலக்கிவிட்டு உள்ளங்கை எண்ணெயை வைத்தாள். தையல் கையில் பட்டது.

"எங்கண்ணன் தலைய என்ன பண்ணீங்க!"

தோட்டமே வாசலில் நின்றது. "நான்தான் சரின்னேன்," என்றேன். அவ்வளவுதான் வெளியே வந்தது. எதற்காக என்று சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படி.

"பார்த்துக்கங்க," என்று அவள் கூட்டத்தைப் பார்த்துக் கை விரித்தாள். "மூளைக்கு ஏறிடுச்சுன்னு அந்த மம்பாவ்காரர் சொன்னாரு. யாரும் பார்த்திரக் கூடாதுன்னு மூளையவே எடுத்துப் போட்டாச்சு!"

பழியைப் போக்கத்தான் அதைக் கொடுத்தேன். கொடுத்ததே பழிக்குச் சாட்சியாகிவிட்டது. அந்தக் கோபம் எழுதும்போதும் கைக்கு வருகிறது.

பிறகு காத்திருந்தேன். எப்படிக் காத்திருந்தேன் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டிபாடி இங்கே கிடைப்பதில்லை, வெளிநாட்டிலிருந்து ஐஸில் வர வேண்டும். வந்தது, பெருநாள் லீவில் ஏர்போர்ட்டிலேயே கிடந்து ஐஸ் கரைந்து வீணாகிவிட்டது. மறுபடியும் எழுதிப் போட்டார்கள். மந்தின் கடையிலிருந்து போன் பண்ணினால், "இன்னும் வரலம்மா, வந்ததும் சொல்றேன்" என்பாள் டாக்டர். அவர் மூளை ஃபார்மலின் தண்ணீரில் கிடந்தது. ஒரு தீபாவளி போய் இன்னொரு தீபாவளியும் வந்தது.

கடைசியில் கூப்பிட்டார்கள். மகள் லீவு போட்டு என்னைப் பஸ்ஸில் அழைத்துப் போனாள்.

"ஒண்ணும் தெரியலம்மா," என்றாள் டாக்டர். "எல்லாம் வெறும் நீலமா இருக்கு."

"அப்ப அவருக்கு அந்த நோய் இல்லையா?"

"அப்படியும் சொல்ல முடியாது. ஃபார்மலின்ல ரொம்ப நாள் கெடந்துடுச்சு. புரோட்டீன் இறுகி மறைஞ்சிருக்கும். ஆண்டிபாடி உட்கார இடம் கெடைக்கல."

"அவ்வளவு நாளு அதுல போட்டு வச்சது யாரும்மா?"

என் குரல்தான் அது. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "நாங்கதான்" என்றாள். நல்ல பிள்ளை. அதனால் எனக்கு மேலே கத்தவும் முடியவில்லை.

இன்னொரு வழி இருக்கிறதாம். சீவிய துண்டைக் கொஞ்ச நேரம் பார்மிக் ஆசிட்டில் ஊறவைத்தால், மறைந்திருப்பது வெளியே வருமாம். அதற்குப் பிறகு ஆண்டிபாடியை விட்டால் பிடிக்குமாம்.

"பார்மிக் ஆசிட்டுன்னா, ரப்பர் பால் உறைய வைக்கிறதா?"

"அதேதான்மா! உங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமாவா. தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் அந்த நாற்றம் தெரியும். பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்தால், கொஞ்ச நேரத்தில் கட்டியாகும். பிறகுதான் அதை மெஷினில் கொடுத்துச் சீட்டாக்குவது.

அடுத்த முறை போனபோது என்னை மைக்ராஸ்கோப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் தடுமாறினேன், மகள் கையால் மூடிவிட்டாள். நீலம் போட்டு அலசிய வேட்டி போல இருந்தது. அதில் அங்கங்கே பழுப்பு. துப்பிய வெற்றிலைச் சாறு காய்ந்த மாதிரி, உருண்டையாக, ஓரம் பிசிறிக்கொண்டு, எங்கே நகர்த்தினாலும் பழுப்பு. வயதானவர்கள் மூளையில் இது கொஞ்சம் இருக்கலாம், இவருக்கு மிகவும் அதிகம் என்றாள் டாக்டர். சந்தேகமே இல்லை, அந்த நோய்தான்.

எனக்குச் சந்தோஷம் வந்தது. என் புருஷன் மூளையைப் பார்த்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டேன். அப்படி ஒரு நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

டாக்டர் அதைக் கலர்ப் படமாக எடுத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் அதை நாத்தனார் வீட்டு வாசலுக்கே கொண்டுபோனாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். நான் பின்னால் நின்றேன்.

"நல்லா பாருங்க அத்தே. இந்தப் பழுப்புதான் அப்பாவோட நோய். பெரிய ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க லா. மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

நாத்தனார் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் கண் கலங்கியது. அண்ணன் தலை அல்லவா. நான் அவளுக்காக இரக்கப்பட்டேன், அதுதான் தப்பு. அவள் மெதுவாக, "இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாள். இரக்கத்தில் நான் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு ஆசிட்டில் ஊறவைத்ததும் தெரிந்தது என்று.

"எந்த ஆசிட்டு?"

"நம்ம ஸ்டோருல ஊத்துறது."

அவள் முகம் மாறிவிட்டது. "ஏன் அண்ணி, ஆசிட்டு ஊத்துனா கட்டி வராம கருவாடா வரும்? நான் தெனமும் ஊத்துறேன், எனக்கே படம் காட்டுறீங்களா!"

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர்களில் ஆசிட் தெரியாதவள் யார்? படத்தில் இருந்ததும் உறைந்த ரப்பர் கட்டிப்பால் மாதிரிதான் இருந்தது. மகள் வீட்டுக்கு வந்ததும், "உங்கள யாரும்மா அதைச் சொல்லச் சொன்னது?" என்று என்மேல் பாய்ந்தாள். எனக்கே இரண்டு மூன்று நாள் சந்தேகம். அந்த ஆசிட்டேதான் அவர் மூளையில் கட்டியை உண்டாக்கிவிட்டதோ?

மந்தினுக்குப் போய் டாக்டருக்குப் போன் போட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். விபத்தில் போன ஒரு இளவயதுக்காரர் மூளையையும் அதே ஆசிட்டில், அதே நேரம் ஊறவைத்து, அதே ஆண்டிபாடியை விட்டுப் பார்த்தார்களாம். ஒரு பொட்டுப் பழுப்பு வரவில்லை. "ஆசிட் எதையும் உண்டாக்கலம்மா. உள்ள இருந்தாத்தான் காட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரு வழி தோன்றியது. வீட்டுக்குப் போகாமல் நேராக ஸ்டோருக்குப் போனேன். அங்கே பத்துப் பதினைந்து பேர் வேலையாக இருந்தார்கள். நாத்தனார் தொட்டிப் பக்கம் நின்றிருந்தாள். அவள் எதிரில் போய் நின்றேன்.

"ஒரு வாளித் தண்ணியில ஆசிட்டு ஊத்தும்மா."

"எதுக்கு?"

"ஊத்து, சொல்றேன்."

"அண்ணி இன்னிக்கு வேலை கத்துக்க வந்திருக்காங்க," என்று மற்றவர்களுக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, ஊற்றிக் கலக்கினாள். எல்லோரும் வேலையை விட்டுப் பார்த்தார்கள்.

"உறையுதா?" என்றேன்.

"தண்ணி எப்படி உறையும்? பால் இருந்தாத்தானே உறையும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆசிட்டு சும்மா கட்டிய உண்டாக்காது. உள்ள இருந்தாத்தான் வரும். வேற ஒரு ஆளு மூளையிலயும் இதே ஆசிட்டைப் போட்டுப் பார்த்திருக்காங்க, ஒண்ணும் வரல. உங்கண்ணன் தலையில இருந்திருக்கு, அதனால வந்திருக்கு."

என் வாழ்நாளில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நான் அவ்வளவு பேசியது அதுதான். மெஷின்கார ஐயா தலையை ஆட்டினார். "அண்ணி சொல்றது நாயம்தானே," என்று ஒரு பெண் சொன்னாள். முடிந்தது என்று நினைத்தேன். மூச்சு விட்டேன்.

நாத்தனார் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப, உள்ள இருந்துச்சு."

"இருந்துச்சு."

"ஆசிட்டு உண்டாக்கல."

"இல்ல."

"இதைத்தானே அண்ணி நான் இத்தனை வருஷமா சொல்றேன்! எங்கண்ணன் மூளையில என்னமோ இருக்குன்னு. இப்ப நீங்களே எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டீங்க." அவள் குரல் உடைந்தது. "வச்சது யாரு?"

"யாரும் வைக்கல. மூளையே உண்டாக்குதாம்."

"நல்லா இருக்கிற மனுசன் மூளை சும்மா எதுக்கு அதை உண்டாக்கும்? உங்க மூளை உண்டாக்கல. என் மூளை உண்டாக்கல. எங்கண்ணனுக்கு மட்டும் ஏன்?"

தலையாட்டிய மெஷின்காரர் மெஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் கேட்டது ஒன்றும் பைத்தியக்காரத்தனமான கேள்வி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மறுநாள் மறுபடியும் மந்தின் கடைக்குப் போனேன். "டாக்டரம்மா, அது எதனால சேருது?"

"அது இன்னும் யாருக்கும் சரியா தெரியலம்மா. உலகம் பூரா தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"யாரும் வைக்கலன்னு காட்டுற மாதிரி ஏதாவது இருக்கா? இந்த முயல்லேர்ந்து எடுக்கிற மாதிரி?"

"இல்லம்மா. என்ன இருக்குன்னுதான் அது காட்டும். எப்படி வந்துச்சுன்னு காட்டாது." பிறகு தயங்கித் தயங்கி, "ஐயாவோட மூளைத் துண்டு வச்ச அந்தக் கண்ணாடிங்களை நாங்க வச்சுக்கலாமா? படிக்கிற பிள்ளைங்களுக்குக் காட்டலாம். ரொம்பத் தெளிவா வந்திருக்கு" என்றாள்.

"வச்சுக்கங்க," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தெளிவாகத்தான் வந்திருந்தது. நானே பார்த்தேனே. அதை வைத்துக்கொண்டு, அந்த லயத்தில் ஒருத்தியைக்கூட என் வீட்டு வாசலில் உட்காரவைத்து ஒரு டம்ளர் காப்பி குடிக்கவைக்க என்னால் முடியவில்லை.